விளக்கு மாடம் மறுபடியும்: பொருள் வைக்கும் விளக்குகளை வீட்டில் அமைக்க முழுமையான வழிகாட்டி

திருவல்லிக்கேணியில் எங்கள் பாட்டி வீட்டு வாசல் நடையில், வலது பக்கச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், மேலே வளைவு. அகல் வைக்கத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். ஆனால் அதில் விளக்கு மட்டும் இருந்து நான் பார்த்ததில்லை. அகலுக்குப் பின்னால் வத்திப்பெட்டி, திரி, எண்ணெய்க் கிண்ணி. ஓரத்தில் கொல்லைக் கதவுச் சாவி, ஊக்குகளைக் கோத்து வைத்த கம்பி, பால் கணக்கு எழுதும் துண்டுப் பென்சில். கரண்ட் போனால் அந்த வீட்டில் யாரும் எதையும் தேடியதில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போனால் கை நேராக மாடத்துக்குள் போய் நிற்கும்.

எலெக்ட்ரிக் லைட் வந்ததும் விளக்கு கூரைக்கு ஏறிவிட்டது. வத்திப்பெட்டியும் சாவியும் அலமாரிக்குள் போயின. புது வீடுகளில் மாடம் கட்டுவதையே விட்டுவிட்டோம். மேற்கு மாம்பலத்தில் நான் இருக்கும் ஃபிளாட்டில் ஹாலில் மட்டும் ஆறு லைட். ஆனாலும் காலையில் சாவி தேடாத நாள் இல்லை என்றிருந்தது. வெளிச்சம் ஒரு பக்கம், தேடும் பொருள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதுதான் காரணம் என்று புரிந்த பிறகு, வீட்டில் நாலு இடங்களில் பொருள் வைக்கும் விளக்குகளை, அதாவது வெளிச்சமும் தட்டும் ஒன்றாகச் சேர்ந்தவற்றை, அமைத்தேன். அவற்றில் ஒன்று பெயர்ந்து விழுந்தது, ஒன்றைக் கழற்றி மறுபடி செய்தேன். நாலும் இப்போது ஒழுங்காக இருக்கின்றன. சிறிய வீட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது "அது எங்கே?" என்று கேட்கும்போதெல்லாம் எந்தப் பொருள், எந்த இடம், எத்தனை மணி என்று மூன்றையும் குறியுங்கள். ஒரு வாரம் போதும். எங்கள் வீட்டுப் பட்டியலில் வந்தவை: வண்டிச் சாவி, அம்மாவின் படிக்கும் கண்ணாடி, கேஸ் லைட்டர், கத்தரிக்கோல், பேனா, நகவெட்டி, டார்ச், ரப்பர் பேண்ட். எல்லாமே உள்ளங்கையில் அடங்குபவை. முக்கால்வாசி தேடல் காலை ஆறிலிருந்து எட்டுக்குள்ளும், இரவு விளக்கணைத்த பிறகும் நடந்தது. இடமும் மூன்றே மூன்றுதான்: வாசல் கதவுப் பக்கம், சமையல் மேடை, கட்டில் தலைமாடு.

விளக்கை அந்த இடங்களில் போடுங்கள். ஹாலின் நடுச்சுவர் காலியாக இருக்கிறதே என்று அங்கே மாட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், மூன்றாம் மாதம் அதில் பழைய பில்களும் திருமணப் பத்திரிகைகளும்தான் குவிந்திருக்கும்.

வைக்கக் கூடாதவற்றையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். எல்.இ.டி. பழைய குண்டு பல்பு மாதிரி சுடாது. அதற்காகச் சூடே இல்லை என்றும் ஆகாது, மூடிய பெட்டிக்குள் எரிந்தால் உள்ளே வெதுவெதுப்பு ஏறும். கற்பூரம் அந்த வெதுவெதுப்பில் வேகமாகக் கரைந்து காற்றோடு போய்விடும், தீப்பற்றும் பொருளும்கூட. மாத்திரை அட்டையில் 25 டிகிரிக்கோ 30 டிகிரிக்கோ கீழே வைக்கச் சொல்லி அச்சடித்திருப்பார்கள். சென்னை மே மாதத்தில் அறையே அதைத் தாண்டி இருக்கும்போது, விளக்குக்கு அடியில் வைப்பது சரியில்லை. சென்ட், சானிடைசர், கொசு மருந்து ஸ்ப்ரே, பவர் பேங்க் எதுவும் வேண்டாம்.

சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். கடையில் ரெடிமேடாக ஒரு விளக்கு அலமாரி வாங்கி, அதோடு வந்த, சுவர்த் துளைக்குள் அடிக்கும் சின்ன பிளாஸ்டிக் பிளக்கையும் ஸ்க்ரூவையும் வைத்தே மாட்டினேன். நாலு மாதம் நின்றது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினால், அலமாரி தரையில், பூச்சு பெயர்ந்து சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பள்ளம். மறுநாள் வந்த ஆசாரி விரலால் பள்ளத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"அக்கா, இது செங்கல்லு வரைக்கும் போகவே இல்ல. பூச்சுலயே நின்னுடுச்சு. பூச்சு பூரா மணலு. எப்படித் தாங்கும்?"

அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. சுவரின் மேல்பூச்சு அரை இஞ்சுக்கு மேலேயே இருக்கும். பிளக் அதைத் தாண்டி உள்ளே போய்ச் செங்கல்லைப் பிடிக்க வேண்டும். 40 எம்எம் நீளப் பிளக்குக்கு 50 எம்எம்மாவது துளை வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ பிரஷ்ஷாலோ எடுக்காமல் பிளக்கை அடித்தால் பிடிப்பு வராது.

சென்னையில் சுவர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பழைய தனி வீடுகளில் ஒன்பது இஞ்சு செங்கல் சுவர். கவலையே வேண்டாம். ஃபிளாட்டுகளில் அறைகளுக்கு நடுவே நாலரை இஞ்சுச் சுவர். சாதாரண அலமாரிக்குப் போதும், ஆனால் டிரில்லை அழுத்தினால் அந்தப் பக்கம் பூச்சு உதிரும். சமீபத்திய அடுக்குமாடிகளில் வெள்ளையாக, லேசாக இருக்கும் ஏ.ஏ.சி. பிளாக் கட்டுகிறார்கள். அதற்குத் தனி நைலான் பிளக் கேட்டு வாங்க வேண்டும், ஹேம்மர் மோடைப் போடாமல் துளைக்க வேண்டும். சுவரே முழுக் கான்கிரீட்டாக வார்த்த கட்டிடங்களும் இருக்கின்றன. அங்கே பிடிப்பு பிரமாதம், துளை போடத்தான் நல்ல ஹேம்மர் டிரில்லும் பொறுமையும் வேண்டும்.

கூரை இன்னொரு கதை. ஆர்.சி.சி. தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டால் நிற்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் இருப்பது மெட்ராஸ் டெரஸ்: வரிசையாகத் தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட கூரை. அந்தச் செங்கல்லில் துளை போடவே கூடாது. உத்திரத்தில் நேராகக் கொக்கி ஸ்க்ரூவைத் திருகினால் தலைமுறைக்கும் நிற்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் லைட்டைத் தாங்கும், பொருளைத் தாங்காது. தொங்கவிட ஆசைப்பட்டால் அதைத் தாண்டி மேலே உள்ள தளத்திலிருந்து கம்பி இறக்க வேண்டும்.

எந்தச் சுவராக இருந்தாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். சுவருக்குள் ஒயர் போகும் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். துளைக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் வேலை செய்வது இன்னும் நல்லது.

வாடகை வீட்டில் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால் வருத்தப்பட வேண்டாம், கீழே வழி சொல்கிறேன்.

வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும்

கடைகளில் கிடைக்கும் பல விளக்கு அலமாரிகளில் எல்.இ.டி. பொருளுக்குப் பின்னால் இருக்கும். போட்டோவில் மிக அழகு. வீட்டில் மாட்டினால் பின்பக்கம் பளபளக்கும், முன்னால் உள்ள பொருள் கறுப்பாகத் தெரியும். சாவிக்கொத்தில் எது பீரோ சாவி, எது வாசல் சாவி என்று பார்க்க முடியாது. ஆகவே ஸ்ட்ரிப், அதாவது எல்.இ.டி. பதித்த நாடா, அலமாரியின் முன்விளிம்பில், உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஒளி பொருளின் முகத்தில் பட்டு, பின்பலகையில் மோதித் திரும்பும். பின்பலகை வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருந்தால் பாதி வாட்டிலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

நிறத்துக்கு என் தேர்வு 3000 கே (கெல்வின்), மஞ்சள் கலந்த வெள்ளை. சமையல் மேடைக்கு மட்டும் 4000 கே. கீரையில் பூச்சி இருக்கிறதா, அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்க அது வசதி. 6500 கே வெள்ளை வேண்டாம் என்பேன். கண்ணுக்குக் கூசுவது ஒரு காரணம். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சி அதிகம் வருவது இன்னொரு காரணம். திறந்த தட்டுள்ள விளக்கில் அது பெரிய விஷயம்.

வாசல் மாடம்: படிப்படியாக

நாலில் நான் மிகவும் நேசிப்பது இதுதான். இதை முழுதாகச் சொல்கிறேன், மற்றவை இதிலிருந்து தாமே வரும்.

அளவு: அகலம் 60 செ.மீ., உயரம் 30, ஆழம் 15. மரம் 18 எம்எம் பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஐ.எஸ். 303இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகம். நம் ஊர் ஈரக்காற்றில் பார்ட்டிகிள் போர்டு ஊதிவிடும், அதைத் தொடவே வேண்டாம். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்ட்ரிப், அலுமினியம் சேனல், அடாப்டர் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பலகைகளைக் கடையிலோ பட்டறையிலோ மெஷினில் அறுத்து வாங்குங்கள். கை ரம்பத்தில் மூலைமட்டம் வராது.

மேல்பலகையும் கீழ்ப்பலகையும் 60 செ.மீ. இரண்டு பக்கப் பலகைகளும் 26.4 செ.மீ., 30இலிருந்து இரண்டு பலகைத் தடிமன் கழித்த கணக்கு. பின்பலகை 6 எம்எம் பிளை. அதைக் கடைசி விளிம்பில் அடிக்காமல் 18 எம்எம் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். பின்னால் மிஞ்சும் அந்தக் குழிவு எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன். உள்ளே பன்னிரண்டரை செ.மீ. ஆழம் கிடைக்கும். அதற்கு மேல் ஆழம் இருந்தால் பின்வரிசை என்று ஒன்று உருவாகும். பின்வரிசையில் போனது தொலைந்தது.

மாட்டும் முறை: 18 எம்எம் பிளையில் 8 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் உள்ள பட்டை ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். ஒரு பாதி சுவரில், சாய்வு சுவரைப் பார்த்து உள்ளே இறங்குமாறு. இன்னொரு பாதி பெட்டியின் பின்குழிவில், தலைகீழாக, மேல்பலகையை ஒட்டி. பெட்டியைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் இரண்டு சாய்வும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஸ்க்ரூ எதையும் தொடாமல் பெட்டியைத் தூக்கி எடுத்துவிடலாம். ஆசாரிகளுக்கு இது தெரிந்த வேலைதான்.

எடையைக் கணக்குப் பார்த்தேன். பெட்டியும் பட்டைகளும் சேர்ந்து ஏறத்தாழ 4 கிலோ. உள்ளே வைப்பது 3 கிலோவைத் தாண்டாது. ஆக 7. அதைப்போல் மூன்று மடங்கு தாங்கும் பிடிப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, சுவர்ப் பட்டையில் மூன்று இடத்தில் 8 எம்எம் பிளக்கும், பட்டையின் தடிமனையும் சேர்த்த நீளத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் போட்டோம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் ஸ்க்ரூ, கொக்கி எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கள். உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் சாதா இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

உயரம்: வீட்டில் மிகக் குள்ளமான பெரியவர் யாரோ, அவர் கண்மட்டம்தான் கணக்கு. எங்கள் அம்மா நாலடி பத்தங்குலம். பெட்டியின் கீழ்ப்பலகை தரையிலிருந்து 125 செ.மீ.இல் இருக்கிறது. சுவர்ப் பட்டையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தரையைப் பார்த்து அளக்காதீர்கள். எங்கள் ஃபிளாட் தரையே அரை இஞ்சு சாய்வு.

இப்போது விளக்கு. 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், மீட்டருக்கு 120 எல்.இ.டி., 9.6 வாட். இதை மூன்று எல்.இ.டி.க்கு ஒரு முறை, அதாவது 2.5 செ.மீ.க்கு ஒரு முறை, கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டுமே வெட்டலாம். 55 செ.மீ. எடுத்தால் 22 துண்டு, 5.3 வாட். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், அதாவது 12 வாட், தாராளமாகப் போதும். அடாப்டரை அதன் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது நல்ல பழக்கம். இங்கே பாதியைக்கூடத் தொடவில்லை. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட் ஆகாது.

நான் கழற்றி மறுபடி செய்தேன் என்றது இதைத்தான். முதல் தடவை ஸ்ட்ரிப்பை அதன் பின்னாலிருந்த பசை டேப்பை நம்பி நேராகப் பிளைவுட்டில் ஒட்டினேன். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு முனை கழன்று தொங்கியது. சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் சில எல்.இ.டி. மங்கவும் செய்தன. மூலையில் வைக்கும் 45 டிகிரி அலுமினியம் சேனல் வாங்கி, பால் வெள்ளை மூடியோடு பொருத்திய பிறகு எந்தப் பிரச்சினையும் இல்லை. அலுமினியம் சூட்டை வாங்கிக்கொள்ளும், மூடி புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒளியை ஒரே கோடாக்கும், பூச்சியும் உள்ளே போகாது. சேனலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஸ்ட்ரிப்பை அழுத்தி ஒட்டுங்கள். மேல்பலகையின் முன்விளிம்பில், உள்பக்கமாகச் சேனல். அதை மறைக்க முன்னால் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு தேக்குப் பீடிங்.

ஒயரை ஸ்ட்ரிப்பில் கிளிப் வைத்து மாட்டுவதைவிட ஈயம் வைத்துப் பற்ற வைப்பது மேல். ஈரக்காற்றில் கிளிப் முனை பாசி பிடித்து மினுக்கத் தொடங்கும். சிவப்பு ப்ளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் எரியாது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: 230 வோல்ட் பெட்டிக்குள் வரவே கூடாது. அடாப்டர் சுவிட்ச் போர்டு பிளக் பாயிண்டிலேயே இருக்கட்டும். அங்கிருந்து 12 வோல்ட் ஒயர் மட்டும் கேசிங் பட்டிக்குள் சுவரோரமாகப் பெட்டிக்கு வரட்டும். குழந்தை ஈரக் கையோடு சாவியை எடுக்கும், குடையிலிருந்து தண்ணீர் சொட்டும், யாராவது ஊக்கை உள்ளே போடுவார்கள். 12 வோல்ட்டில் இவை எதுவும் உயிருக்கு ஆபத்தில்லை. அருகில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது பாயிண்ட் இழுங்கள், அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வரும்போது அவரிடம் மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாசலுக்கு மோஷன் சென்சார் நல்லது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வரும்போது சுவிட்ச் தேட வேண்டாம். சென்சார் கதவைப் பார்க்க வேண்டும். ஹாலைப் பார்த்தால் ராத்திரி முழுக்க யார் நடந்தாலும் எரிந்து அணையும்.

உள்ளே பிரிப்பது உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் கீழ்ப்பலகையின் அடியில் ஐந்து கொக்கி, ஆளுக்கு ஒரு சாவி. உள்ளே இடது மூலையில் மூடி போட்ட பித்தளைச் சிமிழில் ஊக்கும் ரப்பர் பேண்டும். நடுவில் மூக்குக் கண்ணாடிக்குத் தடித்த துணி போட்ட தட்டு. வலது ஓரம் பேனா, கத்தரிக்கோல், டார்ச். டார்ச்சின் இடம் மாறவே கூடாது.

சமையல் மேடை

நடுக்கூரையில் ட்யூப்லைட், நாம் அதற்கு முதுகு காட்டி நின்று நறுக்குகிறோம். நம் நிழல்தான் அரிவாள்மணையில் விழுகிறது. மேல் அலமாரிக்கு அடியில், முன்விளிம்பை ஒட்டி, அதே சேனலும் ஸ்ட்ரிப்பும். ஸ்ட்ரிப் மட்டும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 ரகம். அதன் பின்னால் ஒரு ஸ்டீல் கம்பி, எஸ் கொக்கியில் கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி, வடிகட்டி. கம்பிக்கு மேலே கையகலத் தட்டு ஒன்று. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எதுவும் வேண்டாம், இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்தால் மூடி மஞ்சளாகிவிடும், துடைத்துத் தீராது.

கண்ணாடி ஜாடிகளில் மசாலா சாமான்களை அடுக்கி விளக்குப் போட்டால் கண்ணுக்கு விருந்தாக இருக்கும். கடுகு, மிளகு, வெந்தயம் வரை சரி. மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். அவை அஞ்சறைப்பெட்டியிலேயே மூடி போட்டு இருக்கட்டும். பெட்டியை விளக்கடியில் வைத்தால் போதும்.

தொங்கும் விளக்கு: வெளிச்சம் போட்ட உறி

சாப்பாட்டு மேசைக்கு மேலே வட்டத் தட்டோடு தொங்கும் விளக்குகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. பூனைக்கு எட்டாமல் தயிர்ப்பானை தொங்கிய உறிதான் இது, நடுவில் ஒரு பல்பு சேர்ந்திருக்கிறது. உறிக்கு இருந்த விதியே இதற்கும்: எடையைக் கயிறு தாங்க வேண்டும். சீலிங் ரோஸும் (கூரையில் ஒயர் இறங்கும் இடத்து மூடி) ஒயரும் எடை தாங்குவதற்கு இல்லை. தளத்தில் தனி ஆங்கர் கொக்கி, அதிலிருந்து சங்கிலியோ தடித்த பருத்திக் கயிறோ, ஒயர் அதன் பக்கத்தில் தளர்வாக இறங்க வேண்டும். தளத்துக்குள் ஃபேனுக்குப் போகும் பைப் ஓடுவதால் 5 செ.மீ.க்கு மேல் துளை வேண்டாம்.

நம் வீடுகளில் ஃபேன் இல்லாத அறை கிடையாது. சாதாரண சீலிங் ஃபேனின் வீச்சு 1200 எம்எம், நடுவிலிருந்து இறக்கை நுனி வரை இரண்டடி. விளக்கின் ஓரத்துக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே இன்னும் இரண்டடி இருக்கட்டும். ஆடிக்காற்று வீட்டுக்குள் புகுந்தால் தொங்கும் தட்டு எவ்வளவு ஆடும் என்று பார்த்த பிறகு இந்த அளவைச் சொல்கிறேன். பல்பு இறக்கைக்கு மேலே போய்விட்டால் நிழல் சிமிட்டிக்கொண்டே இருக்கும், சாப்பிட உட்காரவே முடியாது. மேசையிலிருந்து தட்டின் அடிப்பாகம் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் எதிரில் இருப்பவர் முகமும் மறையாது.

அதில் என்ன வைப்பது? பேப்பர் நாப்கின், பல்குத்தி, உப்பு ஜாடி, ஸ்பூன். கண்ணாடி டம்ளர் வேண்டாம்.

வாடகை வீட்டில், கட்டில் பக்கத்தில்

ஆணி இல்லாமல் செய்ய நிறைய இருக்கிறது. மூன்று தட்டும் மேலே விளக்குமாக நிற்கும் தரை விளக்குகள் ஒன்றரை அடிச் சதுரத்தில் அடங்கும். கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டில், லேசானவை மேலே என்று வைத்தால் எளிதில் சாயாது. பீரோவுக்குள் சார்ஜ் செய்யும் சென்சார் பட்டை விளக்கைக் காந்தத்தில் ஒட்டலாம். ஸ்டீல் பீரோவுக்கு அது அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

கட்டில் பக்கத்துக்கு, இழுப்பறை உள்ள சின்ன மரப்பெட்டி ஒன்றின் மேல் டேபிள் விளக்கைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது. இழுப்பறையில் கண்ணாடி, அமிர்தாஞ்சன், கைக்குட்டை. சுவிட்ச் விளக்கின் அடியில் இருக்க வேண்டும், ஒயரின் நடுவில் இருந்தால் ராத்திரி கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் நாள்கணக்கில் இருட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை. அப்போது மெழுகுவத்தி எங்கே, வத்திப்பெட்டி எங்கே என்று செல்ஃபோன் சார்ஜைச் செலவழித்துத் தேடியது நினைவிருக்கிறது. இப்போது வாசல் மாடத்தில் வத்திப்பெட்டி, டார்ச், நாலு பேட்டரி எப்போதும் இருக்கும்.

12 வோல்ட் எடுத்ததன் பெரிய லாபம் இங்கேதான் தெரியும். வைஃபை ரௌட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை அடாப்டருக்கும் விளக்குக்கும் நடுவில் மாட்டிவிடலாம். பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே, பெட்டிக்கு வெளியே. உள்ளே 3.7 வோல்ட் 7800 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 29 வாட் மணி. நஷ்டம் போக நம் 5.3 வாட் மாடத்தை நாலு மணி நேரம் எரிக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் இந்தப் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொன்னாலே போதும்.

ஈசலும் பல்லியும், பராமரிப்பும்

முதல் மழை பெய்த சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் மூக்குக் கண்ணாடித் தட்டு முழுக்க ஈசல் சிறகு, மெல்லிய வெங்காயத்தோல் மாதிரி, ஊதினால் அறை முழுக்கப் பறக்கும். அதைத் தின்ன வந்த பல்லி சாவிகளுக்குப் பின்னாலேயே குடியேறிவிட்டது. அதன் பிறகு மூன்று விஷயம் செய்தோம். மழை நாளில் கதவு திறந்திருந்தால் மாடத்தை அணைத்துவிடுவது, சின்னப் பொருள் எல்லாம் மூடியுள்ள சிமிழில் இருப்பது, தட்டில் விரித்த துணியைக் கழற்றி உதறும்படி வைப்பது. உணவுப் பொருள் எதையும் திறந்தபடி விளக்கடியில் வைக்காதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

மற்றபடி வேலை குறைவு. மாதம் ஒரு முறை சேனல் மூடியை ஈரத் துணியால், விளக்கை அணைத்துவிட்டு, துடைத்தால் போதும். அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடென்றால் மாற்றுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு நாள் பெட்டியைத் தூக்கி எடுத்து, சுவர்ப் பட்டையைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள், அசைந்தால் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அன்று ராத்திரி மெயினை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அவரவர் படுக்கையிலிருந்து எழுந்து போய் டார்ச்சை எடுத்து வரச் சொல்லுங்கள். யாருக்காவது கை தடுமாறினால் டார்ச்சின் இடத்தை மாற்றுங்கள்.